வழிவிட மறுத்த ஏதோம்: விலங்குகளின் வலசைப் பாதையும் திருச்சபையின் பொறுப்பும்

காட்டு விலங்கு இறையியலின் ஆய்வுப் பொருளாகக் கூடுமோ என்னும் ஐயம் நம்மிடையே இன்னும் முற்றிலும் அகலவில்லை. மண்ணுக்காகவும் நீருக்காகவும் குரல் எழுப்புவது திருச்சபையின் கடமை என ஏற்போருங்கூட, யானை நடக்கும் பாதையைக் குறித்து ஆயர் ஒருவர் ஏன் கவலையுற வேண்டும் என வினவுவர். பசித்திருக்கும் மனிதரைக் குறித்தே செய்து முடியாத பணி மிகுதியாக இருக்கையில் இவ்வினா எழுவது இயல்பே. ஆகவே அதைத் தட்டிக்கழிக்காமல் எதிர்கொள்வதே முறை. திருவண்ணாமலை வட்டாரத்தில் நிகழ்ந்தவற்றை முன்வைத்து, வலசைப் பாதை என்பது யாது, அது எவ்வாறு அடைபடுகிறது, வழிவிடுதலைக் குறித்துத் திருமறை நமக்குக் கற்பிப்பது யாது, ஆயர்களும் சபைகளும் செய்யத்தக்கன யாவை என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. வலசையும் வழித்தடமும்

'வலசை' என்னும் சொல்லை இன்று நாம் பறவைகளோடும் விலங்குகளோடுமே சேர்த்து வழங்குகிறோம். பழைய வழக்கில் அது மனிதருக்கும் உரிய சொல்லாக இருந்தது. பகைவர் படைக்கு அஞ்சி ஊரார் குடிபெயர்ந்து செல்வதை 'வலசை போதல்' என்றனர். அஞ்சி ஓடும் மனிதரையும் நீர் தேடி நடக்கும் விலங்கையும் நம் மொழி ஒரே சொல்லால் சுட்டியது நினைவிற்கொள்ளத்தக்கது. இருசாராரும் நிற்க இயலாமல் நடப்பவர். இருசாராருக்கும் வழி வேண்டும்.

நன்கு வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீவனமும் 100 லிட்டருக்கு மேற்பட்ட நீரும் தேவைப்படும். ஒரு கூட்டம் ஒரே இடத்தில் தங்கிவிடுமாயின் அக்காடு விரைவில் வெறுமையாகிவிடும். எனவே மழைக்கும் வறட்சிக்கும் ஏற்ப அது இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. தென்னிந்தியாவில் ஒரு யானைக் கூட்டம் ஆண்டு முழுவதும் நடமாடும் பரப்பு பல நூறு சதுர கிலோமீட்டர் ஆகும். எந்த மாதத்தில் எந்த ஓடையில் நீர் இருக்கும் என்பதை மூத்த பெண் யானை நினைவில் வைத்திருந்து கூட்டத்தை நடத்திச் செல்கிறது. தாயிடமிருந்து மகள் கற்கும் இவ்வறிவு தலைமுறைகளாகத் தொடர்வது. ஆகவே பாதையின் குறுக்கே நேற்று எழுந்த சுவரை யானை அறியாது. பாதையையே அது அறியும்.

இருபெருங்காடுகளை இணைக்கும் ஒடுங்கிய நிலத்துண்டே வழித்தடம் எனப்படும். அது விலங்கு குடியிருக்கும் இடமன்று; கடந்து செல்லும் இடம். இவ்வேறுபாடு முக்கியமானது. வழித்தடத்தின் பரப்பு சிறிதே. எனினும் அது அடைபடுமாயின் இருபுறமும் உள்ள பெருங்காடுகள் தனித்தனித் தீவுகளாகிவிடும். தீவில் அகப்பட்ட விலங்கினம் தன்னுள்ளேயே இனம் பெருக்கி நலிவுறும். வறட்சியில் நீரின்றி விளைநிலத்தில் புகும். யானையின் சாணத்தின் வழியே பரவும் மர விதைகளும் பரவாமற்போகும். வழித்தடத்தின் நன்மை யானைக்கு மட்டும் உரியதன்று. காட்டெருது, மான், புலி முதலிய பலவும் அதே வழியைப் பயன்படுத்துகின்றன.

இந்திய வனவிலங்கு அறக்கட்டளை 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூல் நாடெங்கும் 88 யானை வழித்தடங்களைப் பட்டியலிட்டது. 2017-இல் வந்த மறுபதிப்பு 101 வழித்தடங்களைக் குறித்தது. 2023-இல் நடுவண் அரசு வெளியிட்ட அறிக்கை 15 மாநிலங்களில் 150 வழித்தடங்கள் உள்ளன என்றது. அறக்கட்டளையின் நூல் 'கடந்து செல்லும் உரிமை' என்னும் பொருளுடைய தலைப்பைத் தாங்கியிருந்தது. அறிவியலார் தேர்ந்த அச்சொல் சட்டச் சொல்லும் ஆகும். திருமறையிலும் அதற்கு இடமுண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

2. அண்ணாமலை வட்டாரத்தில் நிகழ்ந்தவை

கிழக்குத் தொடர்ச்சி மலைகள் மேற்குத் தொடர்ச்சி போன்று இடையறாது நீண்டவை அல்ல. அவை இடையிடையே சமவெளி குறுக்கிடத் தனித்தனி மலைத்தொகுதிகளாக நிற்பவை. திருவண்ணாமலைக்கு வடமேற்கே சவ்வாது மலையும் தென்மேற்கே கல்வராயன் மலையும் உள்ளன. அவற்றின் இடையே தென்பெண்ணை ஆறு பாய்ந்து, 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையை அடைகிறது. செங்கமும் தண்டராம்பட்டும் இவ்விடைநிலத்தில் அமைந்த ஊர்கள். மலைக்கும் மலைக்கும் நடுவே காப்புக்காடுகள் படிக்கற்கள் போன்று ஆங்காங்கே எஞ்சியுள்ளன. ஆற்றங்கரையும் இப்படிக்கற்களுமே விலங்கு கடந்து செல்லும் வழியாகும்.

இம்மலைநாட்டுக்கும் யானைக்கும் உள்ள உறவு பழமையானது. பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடுவது. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசையை யானையின் மதமாகவும் உருவகித்து அந்நூல் பெயர் பெற்றது. கூத்தரை நன்னனிடம் ஆற்றுப்படுத்தும் அந்நூல் மலைவழியின் இடர்களையும் வழியில் கிடைக்கும் விருந்தோம்பலையும் விரிவாகக் கூறுகிறது. வழிச்செல்வோருக்கு வழி கூறுவதையே ஓர் இலக்கிய வகையாகப் போற்றிய பண்பாடு நம்முடையது.

பிற்காலத்தில் இம்மலைகளிலிருந்து யானை மறைந்துபோயிற்று. மீண்டும் அது வந்தது 1980-களில். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிக் காடுகளில் வறட்சியும் வாழிடச் சிதைவும் மிகுந்தபோது, யானைக் கூட்டங்கள் சில கிழக்கும் வடக்குமாக நடந்து, நெடுங்காலம் யானையே இல்லாதிருந்த ஆந்திர மாநிலச் சித்தூர் மாவட்டத்தை அடைந்தன. அவற்றின் பொருட்டுக் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் 1990-இல் அமைக்கப்பட்டது. சவ்வாது மலைக்கும் யானைகள் வந்து சென்றன. பிழைக்க வழி தேடி நாடு கடந்தவை என்னும் பொருளில் இவை வலசை போனவை என்பது முற்றிலும் பொருந்தும்.

இவ்வாறு வந்தவற்றின் கதை திருவண்ணாமலை மாவட்டத்தில் வேறுவிதமாக முடிந்தது. செங்கம், தண்டராம்பட்டு வட்டாரத்துக் காடுகளிலும் அவற்றை ஒட்டிய விளைநிலங்களிலும் நடமாடிய ஆறு யானைகள், 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வனத்துறையினரால் மயக்க ஊசி செலுத்தப்பெற்று, கும்கி யானைகளின் துணையுடன் பிடிக்கப்பட்டு, இம்மாவட்டத்தை விட்டே அகற்றப்பட்டன. விளைந்த கரும்பும் நெல்லும் ஓரிரவில் அழியக் கண்ட உழவர் நிம்மதியுற்றதில் வியப்பில்லை. அவர்களை நாம் குறை கூறவும் இயலாது. ஆயினும் ஒன்றை எண்ண வேண்டும். அவ்யானைகள் வந்த வழியும் திரும்பும் வழியும் ஏற்கெனவே சாலையாலும் வேலியாலும் ஊர்களாலும் துண்டுபட்டிருந்தன. வழியிழந்த விலங்கு நம் கண்ணுக்கு 'வழிதவறிய' விலங்காகத் தோன்றுகிறது.

திருவண்ணாமலை நகரம் யானையை அறியாத ஊரன்று. அண்ணாமலையார் கோயிலில் வாழ்ந்த யானை ருக்கு 2018 மார்ச்சு மாதத்தில் இறந்தபோது நகரமே துயருற்றது. கோயில் வாயிலில் வணங்கப்படும் அதே விலங்கு கரும்புத் தோட்டத்தில் துரத்தப்படுகிறது. இம்முரண்பாடு பிற சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. படைப்பைத் திருப்பாடலில் புகழ்ந்து பாடிவிட்டு, வெளியில் அதனை மறந்துவிடும் நமக்கும் உரியது.

இவ்வட்டாரத்தில் எஞ்சியுள்ள காடுகளும் தொடர்ந்து நெருக்கடிக்கு உள்ளாயின. திருவண்ணாமலைக்கு அண்மையிலுள்ள கவுத்திமலை, வேடியப்பன்மலை ஆகியவற்றில் இரும்புத்தாது வெட்டியெடுக்கும் திட்டத்தைச் சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் பல்லாண்டுகள் எதிர்த்து நின்றனர். 2018-இல் முன்வைக்கப்பட்ட சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைத் திட்டம் ஏறத்தாழ 277 கிலோமீட்டர் நீளமுடையது. திருவண்ணாமலை மாவட்டத்து வயல்களையும் காப்புக்காடுகள் சிலவற்றையும் ஊடறுத்துச் செல்வது. சென்னை உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் நிலம் கையகப்படுத்தும் நடவடிக்கையை நீக்கியது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம், சுற்றுச்சூழல் அனுமதி பெற்றபின் புதிதாக நடவடிக்கை மேற்கொள்ளலாம் என்றது. இச்சாலையை எதிர்த்தோர் நிலத்தை இழக்கவிருந்த உழவர்களே. அவர்தம் வயலைக் காக்க எழுந்த குரல் காட்டையும் சேர்த்தே காத்தது என்பது கவனிக்கத்தக்கது.

3. பாதை அடைபடும் விதம்

வழித்தடம் ஒரே நாளில் அடைபடுவதில்லை. முதலில் ஒரு சாலை, பின்னர்ச் சாலையோரக் கடை, அதன்பின் வேலியிட்ட தோட்டம், இறுதியில் தங்கும் விடுதி எனச் சிறுகச்சிறுகவே அது ஒடுங்குகிறது. ஒவ்வொருவரும் தம் பங்கு சிறிதே என்பர். நீலகிரியின் வடபால் உள்ள சீகூர் பீடபூமி இதற்குத் தெளிவான சான்றாகும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் காடுகளும் சந்திக்கும் இடம் சீகூர். ஒருபுறம் நீலகிரியின் செங்குத்துச் சரிவு. மறுபுறம் மாயாற்றின் பள்ளத்தாக்கு. இடையிலுள்ள நிலமே யானைக்கு வழி. அவ்வழியில் சுற்றுலா விடுதிகளும் மின்வேலிகளும் பெருகின. தமிழ்நாடு அரசு 2010 ஆகஸ்டில் அதனை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வறிவிப்பை ஏற்று உறுதிசெய்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கையில், 2018 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உரிய அனுமதியின்றி இயங்கிய விடுதிகளை மூடி முத்திரையிட ஆணையிட்டது. 2020 அக்டோபர் 14-இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பை நிலைநிறுத்தியதுடன், நில உரிமையாளர்களின் முறையீடுகளைக் கேட்க முன்னாள் நீதிபதி ஒருவர் தலைமையில் மூவர் குழுவையும் அமைத்தது. ஒரு பாதையை அறிவித்து நிலைநாட்டவே பத்தாண்டுகள் கழிந்தன.

தீர்ப்பு வந்து மூன்று திங்கள் கழிவதற்குள் மசினகுடியில் விடுதி ஒன்றின் அருகே வந்த யானையின்மீது எரியும் டயர் வீசப்பட்டது. தலையிலும் காதிலும் தீக்காயமுற்ற அவ்விலங்கு 2021 ஜனவரி 19-இல் இறந்தது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, வயலைக் காக்கச் சட்டத்துக்குப் புறம்பாக அமைக்கப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. அவற்றோடு வந்த இரு குட்டிகள் மட்டும் உயிர் தப்பின. முன்னதில் பொழுதுபோக்கின் கொடுமையும் பின்னதில் வறியோரின் அச்சமும் செயற்பட்டன. இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தல் நீதியன்று. எனினும் இரண்டும் வழியை அடைத்தன என்பது உண்மை.

4. திருமறையின் ஒளியில்

படைப்பைக் குறித்துப் பேசும்போது நாம் வழக்கமாக ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்துக்குச் செல்கிறோம். 'ஆளுகை' என்பது அழித்தலன்று, பேணுதலே என விளக்கி முடிக்கிறோம். அவ்விளக்கம் சரியே. ஆனால் வழித்தடம் பற்றிய சிக்கலுக்கு அதனினும் நெருங்கிய பகுதி எண்ணாகமம் 20:14-21 ஆகும்.

காதேசில் தங்கியிருந்த இஸ்ரவேலர் ஏதோம் அரசனிடம் தூதரை அனுப்புகின்றனர். அவர்கள் நிலம் கேட்கவில்லை. கடந்து செல்ல வழியே கேட்டனர். வயலிலும் திராட்சைத் தோட்டத்திலும் நுழையமாட்டோம், கிணற்று நீரைப் பருகமாட்டோம், இராஜபாதையை விட்டு வலமோ இடமோ விலகமாட்டோம் என்று உறுதி கூறினர். மறுப்பு வந்தபின், தாங்களும் தங்கள் கால்நடைகளும் பருகும் நீருக்கு விலை தருவதாகவும் கூறினர். அப்போதும் ஏதோம் இசையவில்லை. படை திரட்டி எதிர்த்து வந்தான். இஸ்ரவேல் விலகிச் சுற்றுவழியில் சென்றது.

இப்பகுதியில் மூன்று கருத்துகள் நம் கவனத்துக்குரியன. முதலாவது, உடைமை உரிமையும் கடக்கும் உரிமையும் வெவ்வேறு. நிலம் ஏதோமுடையது என்பதை மோசே மறுக்கவில்லை. ஆயினும் உடைமையாளன் என்பதனால் வழியை மறுக்கும் உரிமை தனக்கு முழுமையாக உண்டென்று ஏதோம் கருதியதையே இப்பகுதி வினாவுக்குள்ளாக்குகிறது. இரண்டாவது, வழி கேட்டவர்களுள் கால்நடைகளும் இருந்தன. விடுதலைப் பயணம் மனிதரின் பயணம் மட்டுமன்று. மூன்றாவது, மறுக்கப்பட்டவன் அயலானல்லன். மோசே தன்னை 'உன் சகோதரன்' என்றே அறிமுகப்படுத்துகிறான்.

ஒப்புமை முற்றிலும் பொருந்தாது என்பதையும் நேர்மையுடன் கூறவேண்டும். யானை உறுதிமொழி தருவதில்லை. அது வயலில் நுழையும், கிணற்றையும் இடிக்கும். ஏதோமின் அச்சம் காரணமற்றதன்று. அது உழவரின் அச்சமும் ஆகும். உபாகமம் 23:7 ஏதோமியனை அருவருக்கலாகாது, அவன் சகோதரன் என்று கட்டளையிடுகிறது. ஆகவே வழியை மறுத்தவனையும் பகைவனாக்காத ஓர் அறம் நமக்குத் தேவைப்படுகிறது. அச்சத்தைப் பழிப்பதினும் அச்சத்தின் காரணத்தைக் களைவதே அவ்வறத்தின் பணியாகும்.

ஏசாயா 5:8-இல் தீர்க்கர் கண்டிப்பது அச்சமுற்றவரையன்று. பிறர்க்கு இடமில்லாமற் போகும்வரை வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்ப்போர்மீதே ஐயோ என்னும் சொல் விழுகிறது. வழித்தடத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரை வேலியிடும் பெருமுதலாளியையும் இரண்டு ஏக்கர் உழவரையும் வேறுபடுத்த இவ்வசனம் நமக்குத் துணைசெய்கிறது.

சங்கீதம் 104:20-23 வேறொரு நெறியைக் காட்டுகிறது. இருள் சூழும்போது காட்டு உயிர்கள் நடமாடுகின்றன. கதிரவன் எழும்போது அவை திரும்பிச் செல்ல, மனிதன் தன் வேலைக்குப் புறப்பட்டு மாலைவரை உழைக்கிறான். ஒரே நிலத்தை இருவருக்கும் நேரத்தால் பகிர்ந்தளித்த படைப்பாளரின் ஒழுங்கு இது. பந்திப்பூர்க் காட்டுச் சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணிமுதல் காலை 6 மணிவரை போக்குவரத்து தடைசெய்யப்பட்டதும், திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி இரவுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டதும் இவ்வொழுங்கின் நடைமுறை வடிவங்களே. சங்கீதக்காரன் துதியாகப் பாடியதை நீதிமன்றம் ஆணையாகச் சொல்ல வேண்டிய நிலைக்கு நாம் வந்திருக்கிறோம்.

5. ஏழையும் விலங்கும்

விலங்குக்கு வழிவிட வேண்டும் என்போர் ஏழைக்கு எதிரானோர் என்னும் குற்றச்சாட்டு உண்டு. இதில் உண்மையின் கூறு இருப்பதால் விரைந்து கடந்துவிட இயலாது. வழித்தடங்களில் வாழ்வோருள் பலர் பழங்குடியினர். சீகூரில் இருளரும் குறும்பரும், சவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினரும் காட்டோடு ஒன்றி வாழ்பவர்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்தம் உரிமையை ஏற்கிறது. 2024-இல் தமிழ்நாட்டில் 42 யானை வழித்தடங்களைக் குறிக்கும் வரைவறிக்கை வெளியானபோது, தம் வீடும் நிலமும் பறிபோகுமோ என்று கூடலூர்ப் பகுதி மக்கள் அஞ்சி எதிர்ப்புத் தெரிவித்தனர். மக்களிடம் கலந்து பேசாமல் வரைபடத்தில் கோடு கிழிப்பது, எந்த நன்னோக்கத்துடன் செய்யப்படினும், நீதியாகாது.

ஆயினும் திருமறை ஏழையையும் விலங்கையும் எதிரெதிரே நிறுத்துவதில்லை. யாத்திராகமம் 23:11 ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடக் கட்டளையிடுகிறது. அதன் விளைச்சலை முதலில் எளியோரும், அவர் விட்டதைக் காட்டு விலங்கும் உண்ணவேண்டும். ஒரே கட்டளை, ஒரே நிலம், இரு விருந்தினர். இருவருக்கும் உணவளிப்பது உடைமையாளன் தன் உரிமையை ஓராண்டு அடக்கிக்கொள்வதனால் ஆகிறது. அதாவது, விட்டுக்கொடுக்க வேண்டியவன் ஏழையும் அல்லன், விலங்கும் அன்று, மிகுதியாக உடையவனே. வழித்தடப் பாதுகாப்பின் சுமை எவர் தோளில் ஏற்றப்படுகிறது என்பதே இறையியலார் கேட்கவேண்டிய முதல் வினாவாகும். விடுதியின் மின்வேலி நிலைத்திருக்க, இருளர் குடிசை அகற்றப்படுமாயின் அது பாதுகாப்பன்று, மற்றுமோர் அபகரிப்பே.

நல்வழிகளும் இல்லாமலில்லை. 2021 நவம்பரில் கோவை நவக்கரை அருகே தொடர்வண்டி மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன்பின் அப்பாதையில் யானை கடக்கச் சுரங்கவழிகள் அமைக்கப்பட்டன. மதுக்கரையில் யானையின் வரவைக் கண்டறிந்து எச்சரிக்கும் கருவிகள் 2024-இல் நிறுவப்பட்டன. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-இலும் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டதனால் ஓசூர், தருமபுரிக் காடுகளின் தொடர்ச்சி வலுப்பெற்றது. யானைகள் புறப்பட்ட அக்காடு செழித்தால், அவை சவ்வாது மலையடிவாரத்து வயலைத் தேடிவரும் தேவையும் குறையும்.

6. சபைகள் செய்யத்தக்கவை

திருவண்ணாமலை வட்டாரத்தில் ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் தென்னிந்தியத் திருச்சபையின் வேலூர்ப் பேராயமும் பணியாற்றுகின்றன. இங்கும் இதுபோன்ற மலையடிவாரங்களிலும் உள்ள ஆயர்கள் கருதத்தக்க சிலவற்றைக் குறிப்பிடுவோம்.

முதலாவது, சபைக்கும் சபை நிறுவனங்களுக்கும் உரிய நிலம் காட்டை ஒட்டியிருப்பின், அது வழித்தடத்தில் அமைந்துள்ளதா என்பதை வனத்துறையிடமும் ஊர்ப் பெரியோரிடமும் கேட்டறிதல் வேண்டும். தியான இல்லம், பள்ளி விடுதி, முகாம் மையம் ஆகியவற்றைக் கட்டத் திட்டமிடும் முன்னரே இது செய்யப்படவேண்டும். கட்டியபின் வருந்திப் பயனில்லை. அமைதி நாடிக் காட்டருகே செல்லும் நாம், காட்டின் அமைதியைக் குலைப்பவராக இருத்தலாகாது.

இரண்டாவது, பயிரையோ உயிரையோ இழந்த குடும்பத்தின் பக்கத்தில் ஆயர் நிற்கவேண்டும். அரசு வழங்கும் இழப்பீட்டைப் பெற மனு எழுதுதல், அலுவலகத்துக்கு உடன் செல்லுதல், தாமதமாகும்போது வற்புறுத்துதல் ஆகியன மேய்ப்புப் பணியின் பகுதிகளே. இழப்பீடு உரிய காலத்தில் கிடைக்குமாயின் திருட்டு மின்கம்பியின் தேவை குறையும். உழவரின் இழப்பைத் தன் இழப்பாகக் கருதாத சபை, யானைக்கு வழிவிடுமாறு அவரிடம் கூறும் தகுதியை இழந்துவிடுகிறது.

மூன்றாவது, சாலை, சுரங்கம், விடுதி ஆகியவற்றுக்கான மக்கள் கருத்துக்கேட்பிலும் கிராம சபையிலும் சபை மக்கள் பங்குகொள்ளுமாறு ஊக்குவிக்கலாம். ஆண்டுக்கொருமுறை சுற்றுச்சூழல் ஞாயிறை அனுசரிக்கும் சபைகள், மரம் நடுவதோடு நில்லாமல், தம் ஊரின் வலசைப் பாதை எது என்பதையும் அறிந்துகொள்ளலாம்.

நான்காவது, இறையியற் கல்லூரிகளில் எண்ணாகமமும் தீர்க்கரும் கற்பிக்கப்படும்போது, நம் நாட்டின் நிலப்படத்தையும் உடன்விரித்து வைத்தல் நலம். சீகூரையும் செங்கத்தையும் அறியாத மாணவர் காதேசையும் ஏதோமையும் மட்டும் அறிந்து பயன் யாது?

இவ்வூர் மக்களிடமிருந்து நாம் கற்கவேண்டியதும் ஒன்றுண்டு. அண்ணாமலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர்ப் பாதையில் முழுநிலவுதோறும் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். அவ்வழி அடைபடலாகாது என்பதை வணிகரும் வண்டியோட்டியும் அரசும் ஏற்றுக்கொண்டுள்ளனர். நடப்போரின் வழி நடப்போர்க்கே உரியது என்னும் உணர்வு இவ்வூரில் ஆழ வேரூன்றியுள்ளது. அவ்வுணர்வைக் காட்டில் நடப்பனவற்றுக்கும் விரிக்குமாறு வேண்டுவது புதிய கோட்பாட்டைத் திணிப்பதாகாது.

எகிப்திலிருந்து புறப்பட்டு வழி வேண்டி நின்ற மக்களின் வரலாற்றையே நாம் நம் மீட்பின் வரலாறாகப் படிக்கிறோம். ஆதித் திருச்சபையாரும் 'இந்த மார்க்கத்தார்' என்றே, அதாவது வழியினர் என்றே, அழைக்கப்பட்டனர் (அப்போஸ்தலர் 9:2). வழியால் பெயர் பெற்ற நாம் எவ்வுயிர்க்கும் வழியை மறுத்தல் தகாது. ஏதோமின் எல்லையில் தூதர் இன்றும் நின்று கேட்கின்றனர். இம்முறை அவர்களிடம் சொல் இல்லை. ஆகவே அவர்களுக்காகப் பேசும் பொறுப்பு நம்முடையதாகிறது.